நானும் யானோஷும் சண்டையிட்ட புள்ளி

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மலர் தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, இப்பல்லாம் நீ யாருகிட்ட பேசுற?"

ஜெர்மன் மொழியில்தான் கேட்டாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாயில் வராது. சின்ன வயதில் நான் தமிழில் கேட்பதும் அவள் ஜெர்மனில் பதில் சொல்வதுமாகவே எங்கள் வீடு ஓடிவிட்டது. அவளுடைய அப்பா இந்த ஊர்க்காரர். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்திலேயே நாங்கள் பிரிந்துவிட்டோம். மலர் இப்போது வடக்கே, ரயிலில் பாதி நாள் போக வேண்டிய ஊரில் இருக்கிறாள்.

"மருந்துக்கடையில பேசுறேன். பசங்களுக்குப் பாடம் எடுக்கிறப்ப பேசுறேன். கீழ்வீட்டு அம்மா ஒரு நாய் வச்சிருக்கு, அதுகிட்டயும் பேசுறேன்" என்றேன்.

"அது பேச்சு இல்லம்மா. வணக்கம் சொல்றது."

போனை வைத்த பிறகு அடுப்பில் சாதம் அடிப்பிடித்த வாசனை வந்தது. எழுந்து அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அவள் சொன்னது சரி. நான் பேசுவதற்கென்று இந்த நாட்டில் ஒருவர் இருந்தார். அவர் இறந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

அவர் பெயர் யானோஷ். ஹங்கேரிக்காரர். வாலிப வயதில், அவர் நாட்டில் டாங்கிகள் தெருவுக்கு வந்த சமயத்தில், எல்லையைத் தாண்டி ஓடி வந்தவர். பிறகு திரும்பிப் போகவே இல்லை. போகலாம் என்று ஆன பிறகும் போகவில்லை. கேட்டால், "அங்க இப்ப யாரு இருக்கா?" என்பார்.

நான் கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். நாகப்பட்டினத்தில் அரசாங்க விடுதியில் தங்கிப் படித்து, திருச்சியில் இயற்பியல் முடித்து, பம்பாயில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, இரண்டு வருட வேலைக்கென்று இங்கே ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை.

வந்த முதல் வாரமே என் பெயர் போயிற்று. ஜெர்மன்காரர்கள் 'V' எழுத்தை 'ஃப' என்று படிப்பார்கள். வசந்தாவாகிய நான் ஃபசந்தா ஆனேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். முறை போய்விட்டது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இன்னொரு நாள் போனபோது பிறந்த ஊர்ச் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் கீழ்வேளூர், பாஸ்போர்ட்டில் கீவளூர். இரண்டும் ஒரே ஊர்தான், பேச்சில் அப்படிச் சொல்வோம் என்றேன். "ஒரு மனுஷி ரெண்டு ஊர்ல பிறக்க முடியாது" என்றார் அந்த அலுவலர், கோபமே இல்லாமல்.

இதை நான் சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தவர்தான், அதே துறையில் வேலை பார்த்த யானோஷ். "நீங்க வஷந்தா தானே?" என்றார். ஹங்கேரியில் 'S' என்று எழுதினால் 'ஷ' என்று படிப்பார்களாம். ஆனால் 'வ' சரியாக வந்தது. அதற்கே எனக்குக் கண் கலங்கியது. அவர் பெயரின் கடைசி எழுத்தை இங்கே எல்லோரும் 'ஸ்' என்றே படிப்பார்கள், நான் 'ஷ்' என்று சரியாகச் சொன்னேன். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு ஒன்றாக என்று ஆயிற்று.

ஜெர்மன் மொழியிலும் நமக்கு இருப்பதுபோல நீ, நீங்கள் உண்டு. பல வருடம் 'நீங்கள்' என்று பேசிக்கொண்ட பிறகு ஒரு நாள் அவர் எழுந்து நின்று, ஏதோ விருது கொடுப்பதுபோல, "இனிமே 'நீ'ன்னு சொல்லலாமா?" என்று கேட்டார். பெரியவர்தான் கேட்க வேண்டும் என்பது இங்கே முறை. அவர் என்னைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் மூத்தவர். நம் ஊரில் அந்த வயது ஆளை 'நீ' என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். நான் தடுமாறித் தடுமாறித்தான் பழகிக்கொண்டேன்.

3

ஊரில் என்னைப் பற்றி 'வசந்தா அணுகுண்டு ஆபீஸ்ல இருக்கு' என்று பேசிக்கொள்வதாக என் தம்பி சொல்வான். அப்படி இல்லை. என்ன வேலை என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறேன்.

அணுவின் நடுவில் புரோட்டானும் நியூட்ரானும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்கள். இவற்றைப் பிடித்து வைத்திருக்கும் விசை, நமக்குத் தெரிந்ததிலேயே வலுவானது. ஒரு குவார்க்கைத் தனியே பிய்த்தெடுக்க முடியாது. ஆனால் பொருளை மிக மிக அதிகமாகச் சூடாக்கினாலோ நெருக்கினாலோ புரோட்டான் என்ற அடைப்பே கரைந்து, குவார்க்குகள் ஒரே குழம்பாக ஓடத் தொடங்கும். அதைத்தான் குவார்க் பருப்பொருள் என்கிறோம். தங்கத்தின் அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிட்டால், இமைப்பதைவிட எவ்வளவோ சிறிய நேரத்துக்கு அந்தக் குழம்பு உண்டாகி, விரிந்து, ஆறி, மறுபடி துகள்களாகச் சிதறிவிடும். சிதறியவற்றை எண்ணித்தான் நடுவில் நடந்ததை நாங்கள் ஊகிக்கிறோம்.

அடைப்பு கரைவது சில நிலைமைகளில் வெண்ணெய் இளகுவதுபோல மெல்ல நடக்கும். பொருள் மிக அடர்த்தியாக இருந்தால், தண்ணீர் கொதிப்பதுபோலச் சட்டென்று நடக்கக்கூடும். சட்டென்று நடக்கும் அந்த எல்லைக்கோடு எங்கே முடிகிறதோ, அதுதான் மாறுநிலைப் புள்ளி. அப்படி ஒரு புள்ளி இருக்கிறதா என்பதே இன்னும் உறுதியாகத் தெரியாது.

அந்தக் கோட்டுக்கு அருகில் பொருள் தன் சமநிலையை இழக்கும். சாதாரணமாக எதையும் நெருக்கினால் அது திருப்பித் தள்ளும். அதனால்தான் எல்லாம் பரவலாக இருக்கிறது. அங்கே திருப்பித் தள்ளாது. ஓரிடத்தில் கொஞ்சம் அதிகமாகக் கூடினால், அது இன்னும் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். சமமாக இருந்த குழம்பு கட்டிகட்டியாகப் பிரியும். கோட்டின் முனையில், அந்தப் புள்ளியில், தள்ளுவதும் இழுப்பதும் சரிக்குச் சரியாகி, சிறியதும் பெரியதுமாக எல்லா அளவிலும் ஏற்ற இறக்கங்கள் கிளம்பும். ஆனால் அவை வளர நேரம் பிடிக்கும். புள்ளியை நெருங்க நெருங்க எல்லாமே மந்தமாகிவிடும். குழம்போ அதற்குள் விரிந்து ஆறிப்போய்விடும்.

இந்த நிலையின்மையைத்தான் நானும் யானோஷும் ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டோம். அவருக்கு அந்தப் புள்ளி இருக்கிறது என்பதில் சந்தேகமே கிடையாது. இருக்கலாம், ஆனால் அதை உணர அந்தக் குழம்புக்கு நேரம் இருக்கிறதா என்பது என் கேள்வி. சாப்பாட்டு மேசையில் எங்கள் பேச்சு இதுதான். சூப் ஆறிப்போகும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

4

ஒரு நாள் பெரிய சோதனைக்கூடம் ஒன்றிலிருந்து முதற்கட்ட முடிவுகள் வந்தன. மோதலுக்கு மோதல் வெளிவரும் புரோட்டான்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற அளவு, குறிப்பிட்ட ஓர் ஆற்றலில் மட்டும் மேடுபோல உயர்ந்திருந்தது. மாறுநிலைப் புள்ளி இருந்தால் தெரியக்கூடிய அடையாளம் அது.

யானோஷ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"வஷந்தா, வந்துடுச்சு."

நான் பார்த்தேன். "பிழை அளவு ரொம்பப் பெருசா இருக்கே."

"நம்ம கணக்கோட எவ்வளவு பொருந்துது பாரு. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம். இந்த மாசமே."

ஒரு வாரம் கேட்டேன். மேட்டின் உயரத்துக்கு ஏற்ற அளவுக்கு ஏற்ற இறக்கங்கள் வளர எவ்வளவு நேரம் வேண்டும் என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நேரம் போதவில்லை. வெறும் கட்டிகட்டியாகப் பிரிந்ததாலும் அந்த மேடு வரலாம். எண்ணுவதில் உள்ள சாதாரணத் தடுமாற்றமாகவும் இருக்கலாம். அவரிடம் சொன்னேன்.

"இன்னும் நிறைய மோதல்கள எண்ணட்டும். அதுவரைக்கும் பொறுப்போம்."

"நீ பொறுக்கலாம். நான் வர்ற வருஷம் ஓய்வு. அதுக்கப்புறம் எனக்கு அறை கிடையாது, சாவி கிடையாது, யாரும் எனக்கு எதுவும் அனுப்ப மாட்டாங்க. எனக்கு எங்கடி நேரம்?"

'எங்கடி' என்பது என் மொழிபெயர்ப்பு. அவர் குரல் அப்படித்தான் இருந்தது.

"என் பேர் வேணாம் யானோஷ். உன் பேர்ல மட்டும் போடு."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி, நீங்கள் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்."

'நீங்கள்' என்றார். ஒரு முறை 'நீ' என்று ஆன பிறகு மறுபடி 'நீங்கள்' என்பது இந்த ஊரில் கன்னத்தில் அறைவதைவிட மேல்.

கட்டுரை அவர் பெயரில் வந்தது. கைதட்டினார்கள், நாலைந்து நாடுகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மதியத்தில் அவர் வேறு மேசையில், இளைஞர்களோடு உட்கார்ந்தார். நடைபாதையில் நான் வந்தால் தலையசைப்பார். அவ்வளவுதான். எங்கள் பழைய மேசையில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாராவது வந்து உட்காருவார்கள் என்று முதல் சில மாதங்கள் எதிர்ப்பக்கத்து நாற்காலியைக் காலியாக வைத்திருந்தேன். பிறகு அதில் என் பையை வைக்க ஆரம்பித்தேன்.

5

தனியாகச் சாப்பிடுவது எனக்குப் புதிதில்லை. எங்கள் தெருவில் ஒரு வருடம் எங்கள் வீட்டோடு யாரும் பேசாமல் இருந்தார்கள்.

காங்கிரஸ் போய்ப் புது ஆட்சி வந்திருந்த சமயம். சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. நாங்கள் இருந்த தெருவில் மட்டும் செங்கொடி. சம்பா அறுவடைக்குக் கூலியை உயர்த்திக் கேட்டுச் சங்கம் வேலையை நிறுத்தியிருந்தது. தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. பண்ணையார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் இறக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. லாரியை மதகுப் பாலத்தில் மறித்து, இறங்குபவர்களை அடித்து விரட்டுவது என்று தெருக்கூட்டத்தில் முடிவானது.

என் அப்பா கோவிந்தன் சங்கத்தில் முன்னே நின்ற ஆள். அவர் எழுந்து சொன்னார்: "மறிப்போம். குறுக்க படுப்போம். ஆனா வர்றவன் மேல கை வைக்கக் கூடாது. மழ இல்லாம சோத்துக்கு வர்றான் அவன். அவனும் நம்மள மாதிரி கூலிக்காரந்தான்."

கூட்டம் எழுந்துவிட்டது. "அண்ணே, நம்ம புள்ள குட்டிங்க பட்டினியா கெடக்குது. நீங்க அவனுக்குப் பரிஞ்சு பேசுறீங்க?" என்று கத்தினார் பக்கத்து வீட்டு மாமா. "பண்ணையில எதும் வாங்கிட்டீங்களா?"

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமல் பாலத்துக்குப் போனார்கள். அடிதடியில் வெளியூர்க்காரர் ஒருவருக்கு அரிவாள் பட்டுக் கை போயிற்று. போலீஸ் தெருவுக்குள் வந்து ஆண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது, அப்பாவையும்தான். சிறையில் அவரோடு யாரும் பேசவில்லை. வெளியே வந்த பிறகும் பேசவில்லை. அம்மாவை நடவுக்குக் கூப்பிடுவது நின்றது. அவர் வெண்ணாற்றைத் தாண்டிப் போய் வேற்றூர்ப் பெண்களோடு நட்டுவிட்டு வருவார். என்னோடு விளையாடப் பிள்ளைகள் வரவில்லை.

ஒரு நாள் நான் அழுதுகொண்டு வந்தபோது அம்மா அப்பாவிடம் சொன்னார்: "இந்தப் புள்ளய இங்க வச்சுக்கிட்டு நான் படுறது போதுங்க. எங்கயாவது விடுதியில சேத்துடுங்க. அங்க நாலு புள்ளைங்க பேசவாவது செய்யும்."

நான் படிப்பில் கெட்டி என்பதால் நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள் என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். இல்லை. பேச ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். கெட்டியானது பிறகு.

காலம் போகப் போகத் தெரு மறுபடி பேச ஆரம்பித்தது. கூலிக்குச் சட்டம் வந்தது, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, பண்ணையார் நிலத்தில் பாதியைச் சொந்தக்காரர் பெயர்களில் எழுதிவிட்டு மீதியை விற்றார். அப்பா செத்தபோது எனக்கு இங்கிருந்து கிளம்பவே முடியவில்லை. விசா புதுப்பிப்புக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமாதான் முன்னால் தோள் கொடுத்தாராம். ஆனால் அப்பாவிடம் அவர் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

அப்பாவை நினைத்துத்தான் நான் யானோஷின் கட்டுரையில் பெயர் போடவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அப்படி இல்லை. கணக்கு வரவில்லை, அதனால் போடவில்லை.

6

யானோஷ் ஓய்வு பெற்றுப் போன பிறகு புதிய முடிவுகள் வந்தன. பல மடங்கு அதிக மோதல்களை எண்ணியிருந்தார்கள். மேடு ஏறக்குறையத் தரையோடு போயிருந்தது. இளைஞர்கள் என் அறைக்கு வந்து, "நீங்க அப்பவே சொன்னீங்க" என்றார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் வீட்டில் தனியாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று மட்டும் தோன்றியது. போன் செய்தேன். மணி அடித்து நின்றது. அவர் எடுக்கவில்லை.

பிறகு ஒரு வசந்த காலத்தில் அவருக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

"நீங்க உறவா?" என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

"இல்லை. கூட வேலை பார்த்தவள்."

"உறவுக்காரங்களுக்கு மட்டும்தான் சொல்ல முடியும்."

"அவருக்கு இங்க யாரும் இல்லைங்க."

"அப்படின்னா யாருக்கும் சொல்ல முடியாது" என்றார். அலுவலகப் பேச்சுதான், கொடுமை இல்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தால் வார்டு வாசலில் நாலு பேரைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பேன்.

ஹங்கேரியில் அவருக்கு ஒரு தங்கை மகள் இருப்பது தெரியும். இலோனா என்று பெயர். இயற்பியல் துறையின் பழைய செயலரைக் கெஞ்சி எண்ணைக் கண்டுபிடித்தேன். இலோனாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. அவரால் வர முடியாத நிலை, கைக்குழந்தை. "நீங்க யாரு?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "வஷந்தாவா? சாப்பாட்டு மேசை வஷந்தாவா?" என்றார். மருத்துவமனைக்கு அவரே அனுமதி எழுதி அனுப்பினார்.

7

யானோஷைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றியிருந்தார்கள். வலப்பக்கம் முழுதும் விழுந்திருந்தது. மருத்துவர் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை உட்கார வைத்தது. அவருக்கு ஜெர்மன் போய்விட்டது. ஆங்கிலமும் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் பேசிய மொழிகள் ஒரே காலையில் அழிந்து, பிறந்த மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. சிலருக்கு அப்படி நடக்குமாம். அந்த இல்லத்தில் ஹங்கேரிய மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. வாரக்கணக்காக அவர் பேசுவதையே நிறுத்தியிருந்தார்.

மதியம் மூன்று மணி வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, கண்ணில் தெரிந்தது. ஜெர்மனில் நலம் கேட்டேன். சுவரில் ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். மெதுவாகச் சொன்னேன், உரக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதுவும் புரியாத மனிதரிடம் நான் ஏன் ஜெர்மனில் இலக்கணம் பார்த்துப் பேச வேண்டும் என்று தோன்றியது. எனக்கும் பிறந்த மொழி ஒன்று இருக்கிறது. மலர் வீட்டை விட்டுப் போன பிறகு, தம்பியோடு போனில் பேசுவதைத் தவிர, அதை வாய்விட்டுப் பேசியதே இல்லை.

"என்ன யானோஷ், இப்படிப் படுத்துக்கிட்டீங்க?" என்றேன் தமிழில்.

அவர் தலை திரும்பியது.

"போன் பண்ணுனா எடுக்க மாட்டீங்களா? என்ன மனுஷங்க நீங்க? ஒரு பேரு போடலன்னா இத்தன வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா போறது? நான் ஒத்தையா ஒக்காந்து சாப்புட்டேன் தெரியுமா?"

அவர் வாய் அசைந்தது. முதலில் கரகரப்பு. பிறகு ஒரு சொல், இன்னொன்று, பிறகு மடை திறந்த மாதிரி ஹங்கேரிய மொழி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிறுத்தினால் நான் பேசினேன். நான் நிறுத்தினால் அவர் பேசினார். சாப்பாட்டுக் கூடத்தில் பேசிய அதே முறை, முறை தவறாமல்.

பேச்சு எப்படிக் குவார்க்குக்கு வந்தது என்று தெரியவில்லை. நான் ஆங்கிலத்தில் படித்து ஜெர்மனில் கற்பித்த சங்கதி அது. தமிழில் ஒரு நாளும் பேசியதில்லை. அன்றைக்கு வந்தது. "நெருக்குனா திருப்பித் தள்ளணுமா இல்லையா? அங்க தள்ள மாட்டேங்குது. கட்டி கட்டியாப் பிரிஞ்சுடுது. சரி. ஆனா உங்க புள்ளிகிட்ட போனா எல்லாம் மந்தமாப் போவுதே, அது வளர நேரம் எங்கங்க இருக்கு? அதுக்குள்ள ஆறிப் போயிடுதே."

எந்த வார்த்தையைப் பிடித்தாரோ, என் கை போன போக்கைத்தான் பிடித்தாரோ, அவர் தலையைப் பலமாக ஆட்டினார். "நெம்" என்றார். இல்லை என்று அர்த்தம். அவரிடமிருந்து எனக்குத் தெரிந்த ஹங்கேரியச் சொற்கள் இரண்டே, அதில் ஒன்று. நல்லபடியாக இருந்த இடது கையால் போர்வையில் ஒரு கோடு இழுத்தார், மேலிருந்து வளைந்து இறங்குகிற கோடு. நாங்கள் ஆயிரம் தடவை கரும்பலகையில் வரைந்த எல்லைக்கோடு. அதன் முனையில் விரலை அழுத்தி வைத்து என்னைப் பார்த்தார். இங்கேதான் இருக்கிறது என்றார், மொழி வேண்டியிருக்கவில்லை.

"இல்லைங்க" என்று அவர் விரலைப் பிடித்து அப்பால் நகர்த்தினேன்.

"இகென்" என்றார் அவர். ஆமாம் என்று அர்த்தம். விரலைக் கொண்டுபோய் மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

சத்தம் கேட்டு ஒரு செவிலிப் பெண் எட்டிப் பார்த்தார். யானோஷ் பேசி அந்தப் பெண் கேட்டதே இல்லையாம். "நீங்க ரெண்டு பேரும் என்ன மொழி பேசுறீங்க?" என்று வியப்போடு கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. யானோஷ் அதற்குள் அடுத்த வாதத்தை ஆரம்பித்திருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து என்னை வெளியே அனுப்பும்வரை நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.